கட்டிலிலிருந்து நாற்காலிக்கு

பக்கவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுதல் உடல்வலிமை மிக்கவர்க்கே உரிய செயல் என்று பலரும் எண்ணுவர். ஆகவே, வீட்டிலுள்ளோர் இருவர் முன்வந்து, நோயாளியின் கைகளைப் பற்றி மேலே இழுப்பர். அன்பினால் செய்யும் இச்செயலே அவருக்குப் பெருந்துன்பம் விளைவிப்பதுண்டு. அஃது எவ்வாறென அறிய, நோயின் தன்மையைச் சிறிது காண்போம்.

மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பக்கவாதம் உண்டாகிறது. மூளையிலிருந்து தசைகளை நோக்கிச் செல்லும் நரம்பிழைகளுள் பெரும்பாலானவை முகுளத்தின் அடியில் பக்கம் மாறிச் செல்கின்றன. ஆதலின், மூளையின் வலப்பாகம் பழுதுற்றால் உடலின் இடப்பாகம் தளர்கிறது. தோள் மூட்டின் குழியோ ஆழமற்றது; சுற்றியுள்ள தசைகளே எலும்பை அதில் நிறுத்தி வைக்கின்றன. அத்தசைகள் தளர்ந்தபின் கையைப் பற்றி இழுத்தால் எலும்பு குழியை விட்டு நழுவக்கூடும். அதனால் எழும் நோவு பல மாதங்கள் நீடித்து, கைக்கு அளிக்கும் பயிற்சிக்கும் இடையூறாகும். தளர்ந்த கையை இழுத்தலும், அக்குளில் கைகொடுத்துத் தூக்குதலும் ஆகா என்று இயன்முறை மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனாலேயே.

அங்ஙனமாயின் அவரை எழுப்புவது எங்ஙனம்? விடையை நீங்கள் அமர்ந்திருக்கும் இருக்கையிலேயே கண்டறியலாம். முதுகு நிமிர அமர்ந்து, கால்களை முன்னே நீட்டி வைத்துக்கொண்டு, உடலைச் சாய்க்காமல் எழுந்து பாருங்கள். எத்துணை முயன்றாலும் எழ இயலாது. இனிப் பாதங்களைப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேரே வருமாறு முன்னே சாயுங்கள். உடல் எளிதில் எழும். உடலின் புவியீர்ப்பு மையம் பாதங்களுக்கு மேலே வந்துவிடுவதே காரணம். நோயாளியும் இவ்வாறே எழ வேண்டும். எழுபவர் அவர், அருகிருந்து தாங்குபவர் நாம்.

இடப்பக்கம் தளர்ந்த முதியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் கட்டிலின் விளிம்பில் அமரும்போது அவருடைய வலப்பக்கத்தில், அதாவது வலிமையுள்ள பக்கத்தில், நாற்காலியைச் சற்றுச் சாய்வாக நிறுத்த வேண்டும். சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த எவரெஸ்ட் என்பவரும் அவர் நண்பர் ஜென்னிங்ஸும் 1930களில் அமெரிக்காவில் உருவாக்கிய மடக்கு நாற்காலியே இன்றைய நாற்காலிகளுக்கு முன்னோடி. அஃது எடை குறைந்தது, எளிதில் உருளுவது. ஆகவே இரு சக்கரங்களின் பிரேக்குகளையும் இறுக்குவதை மறத்தலாகாது. பாதப் பலகைகளை மடக்குக. தரையில் ஈரமிருப்பின் துடைக்க. வேட்டி கால்களில் தட்டாதபடி உயர்த்திக் கட்டுக. பாதங்கள் தரையில் படியும் உயரமுள்ள உறுதியான கட்டிலே ஏற்றது. கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்வதால் இதற்கு உதவாது.

செய்யப்போவதை அவரிடம் முன்னரே சொல்லுதல் வேண்டும். பின்னர், அவரை ஒருக்களிக்கச் செய்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, தோள்பட்டையின் பின்புறம் தாங்கி எழுப்பி அமர்த்துக. நெடுநேரம் படுத்திருந்தவர்க்கு எழுந்தவுடன் குருதியழுத்தம் தாழ்ந்து தலைசுற்றும். ஆதலின், அது தெளியும்வரை காத்திருத்தல் நன்று. இடப்பக்கம் தளர்ந்தவருள் சிலர் அப்பக்கம் ஒன்று இருப்பதையே உணரார். தட்டின் வலப்பாதிச் சோற்றை உண்டு இடப்பாதியை விட்டுவிடுவர். இடக்கை சக்கரத்தில் சிக்கினும் அறியார். இதனைப் பிடிவாதமென்று கடிந்துகொள்ளும் வீடுகளும் உண்டு. மூளையில் நேர்ந்த பழுதுக்கு அம்முதியவர் என் செய்வார்?

உதவுபவர் கால்களை அகற்றி, முழங்கால்களை மடித்து, தம் முதுகு வளையாமல் எதிரே நிற்க வேண்டும். தம் முழங்காலால் அவருடைய தளர்ந்த முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து, அவர் இடையில் கட்டிய அகன்ற வாரைப் பின்புறமாகப் பற்றுவது நலம். அவர் நம் கழுத்தைக் கட்டிக்கொள்ள இடந்தரலாகாது; இருவர்க்கும் ஊறு நேரும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்றதும் அவர் முன்சாய்ந்து எழுவார். சிறுசிறு அடியாக இருவரும் திரும்புக. நாற்காலியின் விளிம்பு அவருடைய கால்களின் பின்புறத்தில் பட்டதும், அவர் வலக்கையால் கைப்பிடியைப் பற்றி மெல்ல அமர்வார். இடுப்பு நன்கு பின்னே சென்றதா எனப் பார்த்து, இடக்கையை மடியில் தலையணைமேல் வைத்து, பாதப் பலகைகளை இறக்குக.

இடையில் கால்கள் துவண்டால் உடனே கட்டிலிலேயே அமர்த்திவிட வேண்டும். அதற்கும் வழியில்லையேல் வலிந்து நிறுத்த முயலாமல், நம் உடலோடு சாய்த்து மெல்லத் தரையில் இறக்குதலே நன்று. கால்களில் சிறிதும் எடை தாங்காதவர்க்கு இம்முறை பொருந்தாது. எவர்க்குப் பொருந்துமென இயன்முறை மருத்துவரிடம் கேட்டறிந்து, அவர் முன்னிலையில் பழகிய பின்னரே வீட்டில் தனியே செய்தல் வேண்டும்.

மீண்டும் கட்டிலுக்கு வரும்போதும் வலப்பக்கமே முந்த வேண்டும். ஆதலின், அப்போது கட்டில் அவருடைய வலப்பக்கத்தில் அமையுமாறு நாற்காலியைத் திருப்பி நிறுத்துக.