முதலில் ஏட்டில் எழுது!

(இறுதியாண்டு மாணவி, கணிப்பொறிப் பொறியியல் பிரிவு)



கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் புயலையும் வெள்ளத்தையும் யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி. 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல். 2015 நவம்பர், டிசம்பரில் பெருவெள்ளம். ஒவ்வொரு முறையும் கரண்ட் போனது. ரேஷன் கார்டு, பட்டா, மதிப்பெண் சான்றிதழ் என்று எத்தனையோ வீடுகளில் காகிதங்கள் தண்ணீரோடு போயின.

"பேப்பர் போனா என்ன, இப்பதான் எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கே" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சரி, அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு பதிவைப் பாதி எழுதும்போதே கரண்ட் போனால்? ஒரே பதிவை இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றினால்? ஹார்ட் டிஸ்க்கே கெட்டுப்போனால்? இந்த மூன்று கேள்விகளுக்கும் டேட்டாபேஸ் பாடத்தில் 'டிரான்சாக்ஷன்', 'ரெக்கவரி' என்ற தலைப்புகளில் பதில் இருக்கிறது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, எழுதி முடித்ததும் மறந்துவிடுகிற பகுதி அது. நம்ம ஊர் உதாரணங்களோடு படித்தால் மறக்காது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

1. பாதி வேலை வேலையே அல்ல

கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்த ஒரு வியாபாரி, படகுக்காரர் கணக்குக்கு 5,000 ரூபாய் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு அது ஒரே வேலை. கணிப்பொறிக்கு இரண்டு: வியாபாரி கணக்கில் 5,000 கழிக்க வேண்டும், படகுக்காரர் கணக்கில் 5,000 கூட்ட வேண்டும். கழித்த பிறகு, கூட்டுவதற்கு முன் கரண்ட் போனால் அந்த 5,000 ரூபாய் யாருடையது? இவரிடமும் இல்லை, அவரிடமும் இல்லை.

ஆகவே இரண்டு வேலைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறோம். நடந்தால் இரண்டும் நடக்க வேண்டும், இல்லையேல் இரண்டுமே நடக்காதது போல ஆக வேண்டும். இந்த மூட்டைக்குத்தான் டிரான்சாக்ஷன் என்று பெயர். எல்லாம் சரியாக முடிந்தால் 'கமிட்', நடுவில் தடங்கல் வந்தால் 'ரோல்பேக்'.

2. நான்கு குணங்கள்

அமெரிக்க விஞ்ஞானி ஜிம் கிரே 1981-ல் டிரான்சாக்ஷன் என்ற கருத்தை விளக்கி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். 1998-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. 1983-ல் தியோ ஹேர்டர், ஆண்ட்ரியாஸ் ராய்ட்டர் என்ற இரு ஜெர்மானியர்கள் டிரான்சாக்ஷனின் நான்கு குணங்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஆசிட்' என்று பெயரிட்டார்கள். அவை வருமாறு:

அட்டாமிசிட்டி – முழுமை. மேலே சொன்ன மூட்டைக் கதைதான்.

கன்சிஸ்டென்சி – முரணின்மை. ரேஷன் கடையில் அரிசி இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது. இல்லாத கார்டு எண்ணுக்கு பில் போட முடியாது. இப்படிப்பட்ட விதிகளை மீறும் எந்த மாற்றத்தையும் டேட்டாபேஸ் ஏற்கக் கூடாது.

ஐசோலேஷன் – தனித்தன்மை. சோழன் எக்ஸ்பிரஸில் ஒரே ஒரு பெர்த் மீதி இருக்கிறது. சிதம்பரம் ஸ்டேஷன் கவுண்டரில் ஒருவர் கேட்கிறார். அதே நொடியில் கடலூரில் ஒருவர் செல்போனில் கேட்கிறார். இருவருக்கும் 'காலியாக இருக்கிறது' என்றே தெரியும். ஆனால் ஒருவருக்குத்தான் டிக்கெட் கிடைக்க வேண்டும். முதலில் வந்த வேலை அந்தப் பதிவின் மேல் ஒரு பூட்டுப் போடுகிறது. அது முடியும் வரை மற்றது காத்திருக்கிறது. பூட்டு இல்லாவிட்டால் ஒரு பெர்த்துக்கு இரண்டு பேர் சண்டைதான்!

டியூரபிலிட்டி – நிலைப்பு. 'கமிட் ஆயிற்று' என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அடுத்த நொடியே கரண்ட் போனாலும் அந்தப் பதிவு இருந்தே ஆக வேண்டும். கொடுத்த வாக்கு மாறக் கூடாது.

3. முதலில் ஏடு, பிறகு பெட்டி

வாக்குக் கொடுப்பது எளிது, காப்பாற்றுவது எப்படி? கணிப்பொறி வேகமாக வேலை செய்வது மெமரியில். அது கரண்ட் போனால் அழிந்துவிடும். டிஸ்க்கில் எழுதினால் நிற்கும். ஆனால் டேட்டாபேஸின் பக்கங்கள் அங்கே இங்கே சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லாப் பக்கங்களையும் உடனே தேடித் தேடி எழுதினால் வேலை ஓடாது.

இதற்கு வழி, நம்ம ஊர் மளிகைக் கடைக்காரர்கள் தலைமுறையாகச் செய்து வரும் வழிதான். கூட்டம் நெரியும்போது அண்ணாச்சி பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார். கையில் இருக்கும் சிட்டையில் வரிசையாக ஒவ்வொரு வரி எழுதிக்கொண்டே போவார். கடை சாத்திய பிறகு நிதானமாக அவரவர் பக்கத்தில் ஏற்றுவார். நடுவில் என்ன ஆனாலும் சிட்டை இருக்கும் வரை கணக்கு இருக்கும்.

டேட்டாபேஸில் இந்தச் சிட்டைக்கு 'லாக்' என்று பெயர். அதன் விதிகள் இரண்டே இரண்டு. ஒன்று, எந்த மாற்றமும் டிஸ்க்கில் உள்ள அசல் பக்கத்துக்குப் போகுமுன் அதன் வரி லாக்கில் ஏறியிருக்க வேண்டும். இரண்டு, 'கமிட்' என்று பதில் சொல்லுமுன் அந்த வேலையின் வரிகள் அத்தனையும் டிஸ்க்கில் இருக்கும் லாக்கில் பதிந்திருக்க வேண்டும். இதையே 'ரைட்-அஹெட் லாகிங்' என்கிறோம். லாக்கில் எழுதுவது கடைசி வரிக்குக் கீழே அடுத்த வரி சேர்ப்பது மட்டும்தான் என்பதால் வேகமும் குறையாது.

4. ஒரு தமிழ்நாட்டுக்காரர் கண்ட வழி

கரண்ட் திரும்பி வந்ததும் அந்த லாக்கை வைத்து என்ன செய்வது? இதற்கு உலகமே பின்பற்றும் ஒரு முறையை வகுத்தவர்களில் முதன்மையானவர் தமிழ்நாட்டில் பிறந்தவர் என்பதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் பெயர் சி. மோகன். சென்னை ஐ.ஐ.டி.யில் 1977-ல் பட்டம் பெற்றார்; படித்தது கெமிக்கல் இன்ஜினியரிங்! பிறகு அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்று, ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் பல்லாண்டு பணியாற்றினார். 1992-ல் அவரும் உடன் பணியாற்றிய நால்வரும் வெளியிட்ட முறைக்கு 'ஏரிஸ்' என்று பெயர். அதில் மூன்று கட்டங்கள்:

(அ) ஆய்வு: லாக்கில் கடைசியாகப் போட்ட அடையாளத்திலிருந்து – இதை 'செக்பாயிண்ட்' என்பார்கள் – படித்து, எந்த வேலை முடிந்தது, எது பாதியில் நின்றது என்று பட்டியல் எடுப்பது.

(ஆ) ரீடூ: விழுந்த நொடி வரை நடந்ததை அப்படியே மறுபடி நடத்திக் காட்டுவது. பாதியில் நின்ற வேலைகளையும் சேர்த்துத்தான். லாக்கின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் உண்டு. டேட்டாபேஸின் ஒவ்வொரு பக்கத்திலும் 'எத்தனையாவது வரி வரை ஏறிவிட்டது' என்ற குறிப்பு உண்டு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதால் ஒரே தொகை இரண்டு முறை ஏறாது.

(இ) அன்டூ: முடியாமல் நின்ற வேலைகளைக் கடைசியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகத் திருப்புவது.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஒன்று உண்டு. திருப்பும்போதும் பழைய வரியை அழிப்பதில்லை. 'இதைத் திருப்பினேன்' என்று புதிதாக ஒரு வரி எழுதப்படுகிறது. திருப்பிக்கொண்டிருக்கும்போதே மறுபடி கரண்ட் போனாலும் எங்கே விட்டோம் என்பது தெரியும்.

5. இரண்டாயிரம் ரூபாய்

இது ஏட்டுச்சுரைக்காய் இல்லை என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி உண்டு. என் அம்மா கடலூர் முதுநகரில் கூடையில் மீன் விற்பவர். எழுத்து தெரியாது, கணக்கு மட்டும் பிசகாது. சென்ற ஆண்டு ஏ.டி.எம்.மில் 2,000 ரூபாய் எடுக்கப் போனோம். இயந்திரம் கடகடவென்று சத்தம் போட்டது, பணம் வரவில்லை. ஆனால் 2,000 கழிந்ததாக செல்போனில் செய்தி வந்துவிட்டது. மறுநாள் காலை ஏலத்துக்கு வைத்திருந்த முதல் அது. "ஏண்டி, நான் எடுக்கல, எடுத்ததா எழுதிட்டான். அப்ப யாருடி எடுத்தா?" என்று அம்மா கேட்டார். மேலே முதல் பகுதியில் நான் கேட்ட அதே கேள்வி!

ஏ.டி.எம்.மில் ஒரு சிக்கல் உண்டு. வெளியே வந்துவிட்ட நோட்டை எந்தக் கணிப்பொறியாலும் ரோல்பேக் செய்ய முடியாது. ஆகவே முதலில் கணக்கில் கழித்துவிட்டுப் பிறகு நோட்டைத் தள்ளுகிறார்கள். தள்ளுவது தோற்றால், இயந்திரத்தின் லாக், வங்கியின் லாக், பெட்டியில் மீந்த நோட்டுகளின் கணக்கு ஆகிய மூன்றையும் ஒத்துப் பார்த்துத் திருப்பிப் போட வேண்டும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, இப்படிக் கழிந்த பணத்தை ஐந்து நாட்களுக்குள் திருப்ப வேண்டும். தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, வாடிக்கையாளர் கேட்காமலேயே கொடுக்க வேண்டும். கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள்.

அம்மா அன்று கைமாற்று வாங்கித்தான் ஏலத்துக்குப் போனார். நான்காம் நாள் பணம் வந்தது. பாஸ்புக்கில் பதிந்து பார்த்தால், கழித்த வரி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே கூட்டிய வரி ஒன்று புதிதாக இருந்தது. மோகன் சொன்ன அதே முறைதான்! விரல் வைத்து இரண்டு வரிகளையும் அம்மாவுக்குக் காட்டி விளக்கினேன். "அழிக்காம விட்டானே, அதுவே நாணயம்" என்றார்.

6. தில்லை சொல்லும் பாடம்

லாக் கரண்ட் போவதற்கு மருந்து. டிஸ்க்கே போய்விட்டால் லாக்கும் சேர்ந்து போய்விடும். அதற்கு மருந்து பேக்கப், அதாவது நகல். நாம் படிக்க வரும் சிதம்பரத்திலேயே இதற்கு மிகப் பழைய உதாரணம் உண்டு.

தேவாரப் பதிகங்களின் ஓலைச்சுவடிகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன என்றும், சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் வந்து திறந்தபோது பெரும்பகுதியைக் கரையான் தின்றுவிட்டிருந்தது என்றும் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. இன்று நமக்குக் கிடைத்திருப்பவை எண்ணூறு பதிகங்களுக்குள்தான். பூட்டு பத்திரமாக இருந்தது. ஓலை பத்திரமாக இல்லை.

இந்தக் கதைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. சுவடிகள் எதிலும் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவாரூர்ப் பக்கம் திருவிடைவாய் கோயிலில் கல்வெட்டாகக் கிடைத்தது. வேறு ஊர், வேறு பொருள். ஓலையைத் தின்னும் கரையானால் கல்லைத் தின்ன முடியவில்லை. நகல் எங்கே, எதில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

நகல் இருந்தால் மட்டும் போதாது, அது வேலை செய்ய வேண்டும். 2017 ஜனவரி 31-ல் கிட்லேப் என்ற வெளிநாட்டு நிறுவனத்தில் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்துவிட்டார். பேக்கப் எடுக்கப் பல ஏற்பாடுகள் இருந்தும் அவை கைகொடுக்கவில்லை. தற்செயலாகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அதற்குப் பின் நடந்த மாற்றங்கள் போயே போயின.

7. நாம் செய்ய வேண்டியவை

* லேபில் மைஎஸ்க்யூஎல் பயன்படுத்தும்போது டேபிள் 'இன்னோடிபி' வகைதானா என்று பாருங்கள். பழைய 'மைஐசாம்' வகையில் ரோல்பேக் நடக்காது.

* 'ஆட்டோகமிட்' வழக்கமாக இயங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கட்டளையும் உடனே நிலைத்துவிடும். இரண்டு கட்டளைகள் சேர்ந்து நடக்க வேண்டுமானால் 'ஸ்டார்ட் டிரான்சாக்ஷன்' கொடுத்துத் தொடங்குங்கள்.

* இன்னொரு சர்வரில் உடனுக்குடன் பிரதி எடுப்பது பேக்கப் ஆகாது. இங்கே தவறாக அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும்.

* ஒரு நகலாவது வேறு ஊரில் இருக்கட்டும். கடலூரில் வெள்ளம் வந்தால் கடலூரில் உள்ள இரண்டு நகலும் நனையும்.

* மாதம் ஒரு முறையாவது நகலிலிருந்து மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத நகலை நம்பக் கூடாது.

தோழர்களே! இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் ஒரு கூட்டுறவுச் சங்கத்திலோ, ஆஸ்பத்திரியிலோ, பில் போடும் கடையிலோ கணிப்பொறி முன் உட்காரப் போகிறோம். நம் திரையில் ஒரு வரியாகத் தெரிவது ஒரு குடும்பத்தின் அரிசியாக இருக்கும், ஒரு நோயாளியின் மருந்தாக இருக்கும். அவர்களில் பலருக்கு அந்த வரியைப் படிக்கத் தெரியாது. நம்மை நம்பித்தான் கைரேகை வைப்பார்கள். புயலைத் தடுக்க நம்மால் ஆகாது. புயல் ஓய்ந்த மறுநாள் "உங்க கணக்கு இதுதான், ஒரு பைசா குறையல" என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல நம்மால் ஆகும். படித்த படிப்புக்கு அதுவே மரியாதை.