ஒருவர் தரை, இன்னொருவர் கூரை

தனி வீட்டுக்கு வேலி உண்டு. எல்லை எதுவென்று பார்த்தவுடன் தெரியும். பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை உயர்ந்து நிற்கும் அடுக்குமாடிகளிலோ ஒருவருடைய தரை இன்னொருவருக்குக் கூரை. வீடு மட்டுமே உரிமையாளருக்குச் சொந்தம். மின்தூக்கி, படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி ஆகியவை அனைவருக்கும் பொது. அவற்றைப் பேண எல்லாரும் பராமரிப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். பூசல்கள் பெரும்பாலும் இங்குதான் முளைக்கின்றன.

நீர்க்கசிவை எடுத்துக்கொள்வோம். மேல்வீட்டுக் குளியலறை நீர் கீழ்வீட்டுக் கூரையில் சொட்டினால், புகார் கிடைத்த 7 நாள்களுக்குள் நிர்வாகத்தினர் வந்து சோதிக்க வேண்டும் என்கின்றன 2015ஆம் ஆண்டு விதிமுறைகள். வேறு காரணம் மெய்ப்பிக்கப்படும்வரை, குறை மேலே உள்ள பகுதியில் இருப்பதாகவே கொள்ளப்படும். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால், கீழ்வீட்டுக்காரர் பிறர் வீட்டுத் தரையைத் தோண்டியா காரணம் காட்ட முடியும்?

பேசித் தீராத வழக்குகளை ஸ்ட்ராட்டா நிர்வாக நடுவர் மன்றத்திற்குக் கொண்டு செல்லலாம். 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின்கீழ் அமைந்த இம்மன்றம், 2015 ஜூலை முதல் இயங்குகிறது. 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை இது விசாரிக்கும். பொதுவாக இங்கு வழக்கறிஞர் வாதாடுவதில்லை. உரிமையாளரே தம் வழக்கை எடுத்துரைக்கிறார். தீர்ப்பை மதிக்காமல் இருப்பது குற்றம்.

சில வழக்குகள் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளன. கோலாலம்பூர், மோன் கியாராவிலுள்ள வெர்வ் சூட்ஸ் அடுக்குமாடியில் சில உரிமையாளர்கள் தங்கள் வீடுகளை ஏர்பிஎன்பி போன்ற தளங்களின்வழிச் சில நாள்களுக்கு மட்டும் வாடகைக்கு விட்டனர். பயணப் பெட்டியுடன் புதிய முகங்கள் நாள்தோறும் வந்து போயின. நிரந்தரமாகக் குடியிருப்போர் பாதுகாப்பை எண்ணிக் கவலையுற்றனர். 2017இல் உரிமையாளர் கூட்டம் குறுகிய கால வாடகையைத் தடைசெய்தது. மீறுவோருக்கு 200 ரிங்கிட் அபராதமும் விதித்தது.

வாடகைக்கு விட்டவர்கள் இதனை ஏற்கவில்லை. சொத்தை விற்பதையும் குத்தகைக்கு விடுவதையும் தடுக்கும் துணைவிதி செல்லாது என்று சட்டமே கூறுகிறது என வாதிட்டனர். வலுவான வாதம்தான், அவர்கள் வீட்டுக்கடன் கட்டுவதும் அந்த வருமானத்தைக் கொண்டே இருந்திருக்கலாம். எனினும், 2020இல் கூட்டரசு நீதிமன்றம் துணைவிதி செல்லும் எனத் தீர்ப்பளித்தது. சில நாள் தங்குபவர் குத்தகைதாரர் அல்லர். அவர் பெறுவது தங்குவதற்கான அனுமதி மட்டுமே. ஆகவே, அத்தகைய தங்கலைத் தடுப்பது சொத்துரிமையைப் பறிப்பதாகாது என்பது நீதிமன்றத்தின் விளக்கம்.

இதனால் நாடு முழுவதும் குறுகிய கால வாடகை தடைசெய்யப்பட்டுவிட்டது என்று பொருளன்று. ஒவ்வோர் அடுக்குமாடியிலும் உரிமையாளர்களே கூடி முடிவெடுக்க வேண்டும். துணைவிதி இயற்ற, அளிக்கப்பட்ட செல்லத்தக்க வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவை. பராமரிப்புக் கட்டணத்தைப் பாக்கி வைத்திருப்பவருக்கோ அக்கூட்டத்தில் வாக்குரிமை இல்லை.