புறநகருக்குப் போனால் சொந்தம் விட்டுப்போகுமா?

கேள்வி: நகரத்துக்கு வெளியே வீடு வாங்கினால் உறவும் நட்பும் அற்றுவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. இதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். லண்டனின் பெத்னல் கிரீனில் தாய் வீடும் மகள் வீடும் பெரும்பாலும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. அங்கிருந்து புறநகர்க் குடியிருப்புக்கு மாறிய குடும்பங்களை மைக்கேல் யங், பீட்டர் வில்மாட் என்ற ஆய்வாளர்கள் 1950களில் தேடிப்போய் விசாரித்தார்கள். வாரத்துக்குச் சராசரியாக 17 முறை உறவினரைப் பார்த்துவந்த மனைவிமார், வீடு மாறியபின் பார்த்தது 3 முறைதான். கணவன்மாரில் பலருக்கு வேலை பழைய பேட்டையிலேயே. வரும் வழியில் அம்மாவை எட்டிப் பார்க்கலாம். பெண்களுக்கோ பேருந்துக் காசும் கைக்குழந்தையும் குறுக்கே நின்றன.

நட்பு வேறு கதை.

சிகாகோவை அடுத்த பார்க் ஃபாரஸ்ட் புறநகரில் யார் வீட்டு விருந்துக்கு யார் போகிறார்கள் என்று வில்லியம் ஒயிட் என்பவர் வரைபடமே போட்டார். 1956இல் வந்த அவர் புத்தகத்தில் அது இருக்கிறது. குணம், ரசனை எல்லாம் பிறகுதான். கார் நுழையும் பாதை அடுத்தடுத்து அமைந்த வீட்டார் சிநேகிதர்களானார்கள். (கட்டட வரைபடம் போட்டவருக்கு இந்தப் பெருமை தெரிந்திருக்காது!) ஆனால், தனியாக இருக்க விரும்புகிறவரை அந்த அக்கம்பக்கம் லேசில் விடவில்லை.

ஹெர்பர்ட் கான்ஸ் என்ற சமூகவியலாளர் 1958இல் நியூ ஜெர்சியின் லெவிட்டவுனில் வீடே வாங்கிக் குடியேறி ஆராய்ந்தார். அங்கே பெரும்பாலோர் தனிமையில் வாடவில்லை. அலுத்துக்கொண்டவர்கள் பதின்வயதுப் பிள்ளைகள்: பொழுதுபோக்க இடமில்லை, ஓட்டக் காருமில்லை.