வற்றிய ஏரியைக் காணும் நாள்கள்

ஒரகடத்தில் குடியிருக்கும் அன்பு மகளுக்குத் தந்தையின் ஆசிகள்.

பள்ளிகள் ஜூனில் திறக்கப்படவிருக்கும் நிலையில், மாப்பிள்ளைக்கு ஷிப்டு மாறும் இடைவெளியில் கிடைத்துள்ள விடுப்பைக் குழந்தைகளோடு எங்கே கழிப்பது என்று மகள் கேட்டிருந்த கேள்விக்கு எழுத்தில் விடை தருவதே நலம் எனக் கருதப்படுகிறது. தொலைபேசியில் இந்தப் பேச்சு தொடங்கினால் அது பெரியப்பா விற்ற கீழ்மதகு நிலத்தில் போய்த்தான் முடியும் என்பது குடும்பத்தில் எல்லாரும் அறிந்தது. ஊட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதி, சுற்றுவட்டார ஏரிகள் என மூன்று வழிகள் முன்வைக்கப்பட்டுள்ளன. எதைத் தேர்வதும் மகளின் உரிமை. ஒவ்வொன்றின் தன்மையையும் எடுத்துரைப்பதோடு தந்தையின் வேலை முடிகிறது.

ஊட்டி குளிர்ச்சியான ஊர் என்பதில் ஐயமில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே மாதம் முதல் நீலகிரிக்குச் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டிருப்பதே, மே மாதத்து மலைப்பாதையின் நெரிசல் எத்தகையது என்பதற்குப் போதிய சான்றாகும். விடுதியின் நீச்சல் குளத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது எல்லா ஊரிலும் ஒரே நீலநிறத்தில் இருக்கிறது.

மூன்றாவது வழியைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளின் நாடு எனப் பெயர் பெற்றது. வற்றாத ஆறு எதுவும் இல்லாத இந்நிலத்தில், ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையைப் பிடித்து வைத்துக்கொள்வதைத் தவிர உழவருக்கு வேறு வழியிருந்ததில்லை. இங்குள்ள ஏரிகள் பெரும்பாலும் தனித்தனியானவை அல்ல. மேலேயுள்ள ஏரி நிறைந்து வழியும் நீர் கீழேயுள்ள ஏரியை நிரப்பும் வகையில் தொடராக அமைந்தவை. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் மிகுதி நீர் செம்பரம்பாக்கத்தை நோக்கிச் செல்கிறது. 24 அடி முழு ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட அந்த ஏரி சென்னையின் குடிநீர்த் தேக்கமாக இருப்பதை மூத்தவள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பாள். அந்த நீர் தன் ஊருக்குப் பக்கத்து ஏரிகளிலிருந்தும் வருகிறது என்பதைப் படித்திருக்க மாட்டாள்.

ஓர் ஏரியின் அமைப்பைக் குழந்தைகளுக்குக் காட்ட ஏற்ற பருவம் வைகாசியே. மதகு என்பது, கரையின் அடியில் அமைந்து, பாசனத்துக்கு வேண்டிய அளவு நீரை மட்டும் வயலுக்கு விடும் திறப்பு. கலங்கல் என்பது, ஏரி நிறைந்தபின் மிகுதி நீர் கரையை உடைத்துவிடாமல் வழிந்தோடுவதற்காக, கரையின் ஓரத்தில் கரையைவிடத் தாழ்வாகக் கட்டப்படும் கற்கட்டு. வரத்துக்கால் நீரைக் கொண்டு வருவது. போக்குக்கால் கலங்கலில் வழிந்ததை அடுத்த ஏரிக்குக் கொண்டு செல்வது. நீர் நிறைந்த மார்கழியில் இவற்றில் பாதி கண்ணுக்குத் தெரியாது. நீர் இறங்கி வண்டல் வெடித்துக் கிடக்கும் கோடையின் முடிவில்தான் மதகின் உள்வாய் முழுவதும் வெளிப்படும். குடிமராமத்து, அதாவது ஊரார் தாமே கூடி ஏரியைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்தும் பணி, முன்பு இந்தப் பருவத்தில் நடந்ததும் இதனால்தான். சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை நீளும் கத்திரி வெயிலுக்கு அஞ்சிக் குழந்தைகளை வீட்டில் பூட்டி வைக்க வேண்டியதில்லை. விடியலில் கிளம்பி, வழியில் நுங்கு வாங்கித் தின்று, ஒன்பது மணிக்குள் திரும்பிவிடலாம். மூத்தவள் கோடை முழுவதும் கைப்பேசியை விட்டு எழவில்லை என்று அவள் பாட்டி சொல்வது மிகையாகவே இருக்கட்டும், அவளும் சற்று வெளியே வரட்டும்.

முன்பு குடியிருந்த முடிச்சூர் வீட்டு மாடியில் கழிந்த 2015 டிசம்பர் வெள்ள இரவுகளை மகளுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த வெள்ளம் செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டதால் வந்தது என்று மாப்பிள்ளை இன்றும் சொல்லிவருகிறார். ஆனால் செம்பரம்பாக்கத்தின் மிகுதி நீர் அடையாற்றில் சேரும் இடம் திருநீர்மலைப் பக்கம், முடிச்சூருக்குக் கீழே உள்ளது. முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் வந்த நீர், ஒரகடம், படப்பை, மணிமங்கலம், ஆதனூர் ஆகிய ஊர்களின் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைந்து வழிந்த நீராகும். எந்த நீருக்கு அஞ்சி வீடு மாறியதோ, அந்த நீர் புறப்படும் பக்கமே குடும்பம் இன்று குடியேறியுள்ளது. அடுக்குமாடியின் வாகன நிறுத்தத்துக்குப் பின்னால் நாணல் முளைத்துக் கிடக்கும் அந்தத் தாழ்வான பட்டை எதுவென்று குடியிருப்போர் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அது போக்குக்காலாக இருக்கலாம். சென்று பார்த்தல் நலம்.

போக்குக்கால் எவ்வாறு மறைகிறது என்பதற்குக் குடும்பத்திலேயே சான்று உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியதும், 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் ஆலை உற்பத்தியைத் தொடங்கியதும், இந்தப் பகுதியில் நஞ்சைக்கும் புஞ்சைக்கும் மனை விலை வந்தது. கீழ்மதகு நிலத்தின் விற்பனைப் பத்திரத்தில் பெரியப்பா கையெழுத்திட்டது அந்த வேகத்தில்தான். அவரைக் குறை கூறுவது இக்கடிதத்தின் நோக்கமன்று. அவர் வீட்டிலும் இரண்டு திருமணங்கள் காத்திருந்தன. எனினும் அந்த நிலம் ஒருவருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதும், பத்திரம் பதிவான செய்தி அவருடைய தம்பியாகிய தந்தைக்கு மூன்றாம் ஆள் வழியாக வந்து சேர்ந்தது என்பதும், வாங்கியவர் முதல் வேலையாக அதிலிருந்த போக்குக்கால்வாயைத் தூர்த்துச் சாலையாக்கியதும், அடுத்த மழையிலேயே பக்கத்து நிலத்துக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றதும் நடந்தவையே. பணத்தில் பங்கு வந்தது என்று மகளின் தாய் சொல்வது உண்மை. தூர்க்கப்பட்ட கால்வாயில் பங்கு எதுவும் வரவில்லை. ஆலைகள் வந்ததைக் குறை சொல்லவும் வழியில்லை. மாப்பிள்ளையின் சம்பளமும் மகளின் சம்பளமும் அங்கிருந்துதான் வருகின்றன. ஆலைக்கும் கால்வாய்க்கும் இடம் தரும் அளவுக்கு அந்த நிலம் பெரிதாகவே இருந்தது என்பது மட்டுமே இங்குச் சொல்லத்தக்கது. பேச்சு மீண்டும் அங்கேயே சென்றுவிட்டது.

ஏரிக்குச் செல்வதென்று முடிவானால், ஒரு செய்தியில் மிகுந்த கவனம் தேவை. வறண்ட ஏரிகளில் சவுடு மண், அதாவது மனைகளையும் சாலைகளையும் மேடாக்கப் பயன்படும் நிரப்பு மண், எந்திரங்களால் ஆழமாக அள்ளப்பட்ட பள்ளங்கள் இருக்கும். கோடை மழை ஒன்று பெய்தாலும் அவற்றில் நீர் நின்றுவிடும். மேலிருந்து பார்க்கையில் கணுக்கால் நீராகத் தோன்றும் இடம், அடுத்த அடியில் ஆள் மட்டத்துக்கு மேல் இறங்கும். விளிம்பு செங்குத்தாக இருப்பதால் நீச்சல் அறிந்தவரும் பிடிமானம் கிடைக்காமல் திணறுவர். சில இடங்களில் மேலே உலர்ந்து வெடித்த வண்டலுக்கு அடியில் சேறு இருக்கும். இளையவன் கையை உதறிவிட்டு ஓடும் இயல்பினன்; அவனை மாப்பிள்ளை ஒரு கணமும் விடக்கூடாது. கரையின் மேல் நடப்பது, கலங்கலின் மேல் அமர்வது, மதகை வெளியிலிருந்து பார்ப்பது ஆகியவையே போதும். நீர் தேங்கிய எந்தப் பள்ளத்தின் அருகிலும் செல்ல வேண்டாம், கால் நனைக்கவும் வேண்டாம். அவன் அழுதாலும் சரி.

மற்றொரு நாள் வடக்கே பூண்டி வரை செல்லலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் அறிஞர் பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் கைக்கோடரியை, அதாவது பழங்கற்கால மனிதன் இருபுறமும் செதுக்கிக் கூராக்கிய கல்லைக் கண்டெடுத்த நாள் 1863 மே 30. கோடையில் வெளியே நடந்து திரிந்தவருக்குக் கிடைத்த பலன் என்று அதனை மூத்தவளுக்குச் சொல்லலாம். அதே ஆண்டில் பூண்டிக்கு அருகே கொற்றலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கமும் கண்டறியப்பட்டது. சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டுத் தொன்மையைத் தந்தது. அவ்வகைக் கருவிகள் பூண்டி அகழ்வைப்பகத்தில் காட்சிக்கு உள்ளன. வெளியில் கிடக்கும் கல்லைப் பிள்ளைகள் பையில் போட்டுக்கொள்ள விடலாகாது. ஸ்ரீபெரும்புதூரின் பெயரையே தாங்கிய பாறைப் படிவுகளில் 10 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தொன்மையுடைய இலைத் தடங்கள் கிடைத்துள்ளன என்பதும் அவளுக்கு வியப்பளிக்கலாம். இராமானுசர் பிறந்த ஊர் என்பதை மட்டுமே அவள் அறிவாள்.

தெற்கே உத்திரமேரூர் உள்ளது. முதலாம் பராந்தகன் காலத்தில், ஏறத்தாழ 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுப்பதே அம்முறை. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களுள் ஏரி வாரியம் என ஒன்று இருந்ததையும், ஏரியைக் காக்கும் பொறுப்பு ஒருவர் கையெழுத்தில் முடிந்துவிடாமல் ஆண்டுதோறும் மாறும் ஒரு குழுவிடம் இருந்ததையும் அங்கே குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். பெரியப்பாவிடமும் ஒருமுறை சொல்லப்பட்டது. வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தை விட்டுவிடலாம், இந்நேரம் பறவைகள் பெரும்பாலும் சென்றிருக்கும்.

இவ்வளவும் எழுதியபின், ஊட்டிக்கே போவதென்று முடிவானால் தந்தைக்கு அதில் சிறிதும் வருத்தமில்லை. மாப்பிள்ளை இரவு ஷிப்டில் ஓராண்டு உழைத்தவர்; அவருக்குக் குளிர் வேண்டும் என்று தோன்றினால் அதுவே சரி. விடுதியும் நல்லதே, நீச்சல் குளத்தில் அடியாவது தெரியும். குழந்தைகளின் செலவுக்கென்று ஒரு தொகை மகளின் கணக்குக்கு அனுப்பப்பட்டுள்ளது. அதை ஊட்டிக்கோ ஏரிக்கோ கடற்கரைக்கோ எதற்கும் பயன்படுத்தலாம், கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகள் எடுக்கும் முடிவு எதுவும் இதுவரை தவறாகப் போனதில்லை என்பதைத் தாயும் தந்தையும் அடிக்கடி பேசிக்கொள்கின்றனர். பங்கனபள்ளி ஒரு கூடையும் வடாமும் பெரியப்பா மகனின் வண்டியில் வருகின்றன. அவன் வந்தால் சாப்பிடாமல் அனுப்பக்கூடாது, அவன் அப்பாவின் முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்றும் கேட்டு எழுதவும்.

அன்புடன்,
தந்தை