கயிற்றை அவிழ்த்தால் போதுமா?

அன்பு மகள் கயல்விழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ பாடம் நடத்தும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்குத் தெரு வாரியாகப் பிரிந்து உட்காருகிறார்கள், சாதியைக் காட்டக் கையில் கட்டிய கலர் கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் சட்டைக்குள் மறைத்துக்கொள்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். பன்னிரண்டு வயதில் இந்தப் பிரிவினை எங்கிருந்து வருகிறது என்பது உன் கேள்வி.

இது முளைக்கப் பெரிய காரணமே வேண்டாம். ஹென்றி டஜ்ஃபெல் என்ற உளவியலாளர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், பதினான்கு பதினைந்து வயதுப் பையன்களிடம் செய்த சோதனையை 1970இல் வெளியிட்டார். க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களில் யார் படம் பிடிக்கிறது என்று கேட்டுவிட்டு, அவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்தார். உண்மையில் அது கண்ணை மூடிக்கொண்டு பிரித்த பிரிவினை. பிறகு, யார் எவர் என்று தெரியாத மற்றப் பையன்களுக்குப் பணம் பங்கிடச் சொன்னார். சொந்தக் கட்சிக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. தன் கட்சிக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்கட்சிக்கு அதைவிடக் குறைய வேண்டும் என்றும் கணக்குப் போட்டார்கள்! சற்று முன்புவரை இல்லாத கட்சிக்கே இந்தப் பாடு என்றால், தலைமுறை தலைமுறையாகத் திண்ணையில் பேசி வளர்த்த கட்சியைக் கேட்கவா வேண்டும்?

அந்தச் சாதிப் பிரிவினை என்ன செய்யும் என்பதையும் பார். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குத் தாளில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதி பேச்சில் வராதபோது உயர்சாதி, ஒடுக்கப்பட்ட சாதி என்ற இரு தரப்பும் ஏறக்குறைய சமமாகவே முடித்தது. பெயரோடு சாதியையும் எல்லார் முன்னும் வாசித்த பிறகு, ஒடுக்கப்பட்ட பிரிவுப் பையன்கள் முடித்த புதிர்கள் கணிசமாகக் குறைந்தன.

ஆகவே முதல் வேலை உன் வாயில் இருக்கிறது. உதவித்தொகைப் படிவம் நிரப்ப வேண்டுமா? "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திருங்க" என்று வகுப்பில் கூப்பிடாதே. ஒவ்வொருவராகத் தனியே அழைத்து வாங்கிக்கொள்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவரை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. கயிறு, மோதிரம் போன்ற சாதி அடையாளங்களுக்குத் தடை, அகரவரிசைப்படி இருக்கை என்பன அதன் பரிந்துரைகளில் சில. இரண்டும் அவசியம். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் மனம் மாறிவிடாது.

மாட் லோ என்ற பொருளாதார ஆய்வாளர் இதற்கு கிரிக்கெட் மட்டையை எடுத்தார். உத்தரப் பிரதேசக் கிராமங்களில் வெவ்வேறு சாதி இளைஞர்கள் 1,261 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினரை மட்டும் ஆடவைத்துப் போட்டிகள் நடத்தினார். சில அணிகளில் ஒரே சாதி. சில அணிகள் கலப்பு. கலப்பு அணியில் ஆடியவர்களுக்குப் பிற சாதியில் நண்பர்கள் கூடினார்கள், பரிசுக்கு ஆள் சொல்லும்போது தன் சாதிக்காரனையே தூக்கிவிடும் வழக்கமும் குறைந்தது. மற்ற சாதியாரை எதிரணியில் மட்டுமே சந்தித்தவர்களிடம் பழக்கம் கூடவில்லை, பெரும்பாலும் குறைந்தது.

நம் ஊர்ப் பக்கம் தெருவுக்கொரு கபடி அணி இருப்பதை நினைத்துப் பார். ஒரே மைதானம்தான், தினமும் முகம் பார்க்கிறார்கள்தான். ஆனால் எப்போதும் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக.

அதனால் விளையாட்டு விழாவுக்கு அணி பிரிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விடாதே. சீட்டுக் குலுக்கிப் போடு. அறிவியல் செயல்பாட்டுக்கும் நான்கு பேருக்கு ஒரே கருவியைக் கொடு. ஆளுக்கொரு வேலை, எல்லோருக்கும் ஒரே மதிப்பெண். ஒரு வாரத்தில் கலைத்துவிடாமல் பருவம் முழுக்க அதே குழு இருக்கட்டும். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி, குலுக்கல் சீட்டை அவரையே எடுக்கச் சொல். யாராவது பெற்றோர் வாசலில் வந்து நின்றால், புதிதாக வந்த டீச்சர் தன்னிஷ்டத்துக்குச் செய்தாள் என்று அவர்களால் சொல்ல முடியாது.

அன்புடன்,
பெரியப்பா