செம்புள்ளியா, தொலைநோக்கியா?

நம் சங்க நண்பர் சிலர் இவ்வாண்டு துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து ஏர் பிஸ்டல் பழகி வருகின்றனர். அவர்கள் என்னைக் கண்டால் கேட்பது ஒன்றே: "பிஸ்டலின் மேல் ரெட் டாட் பொருத்துவதா, ஸ்கோப் பொருத்துவதா?" மாணவர் கையில் பணம் அளவோடுதான் இருக்கும். வாங்கிய பின் வருந்துவதைவிட, வாங்குமுன் சிறிது ஒளியியல் அறிந்துகொள்வது நன்று.

பிஸ்டலுடன் வரும் சாதாரணக் குறிகாட்டியில் பின்னே ஒரு பள்ளமும் முன்னே ஒரு முளையும் உண்டு. பள்ளம், முளை, இலக்கு ஆகிய மூன்றும் மூன்று தொலைவுகளில் இருக்கின்றன. கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தொலைவையே தெளிவாகக் காணும். முளை தெளிந்தால் இலக்கு மங்கும். இலக்கு தெளிந்தால் முளை மங்கும். இத்தொல்லையைக் குறைக்கவே மற்ற இரு கருவிகளும் பயன்படுகின்றன.

ரெட் டாட் என்பதில் சிறிய எல்.இ.டி. விளக்கு ஒன்று வளைந்த கண்ணாடியின் குவியத்தில் அமைந்திருக்கும். அக்கண்ணாடி சிவப்பொளியைத் திருப்பி அனுப்பும். மற்ற ஒளியைப் பெரும்பாலும் உள்ளே விடும். திரும்பும் கதிர்கள் இணையாக வருவதால், புள்ளி தொலைவில் இலக்கோடு சேர்ந்து நிற்பதுபோல் தோன்றும். இத்தத்துவத்தை 1900ஆம் ஆண்டில் வகுத்தவர் அயர்லாந்தின் தொலைநோக்கி வல்லுநர் ஹோவர்டு கிரப். அன்று எல்.இ.டி. கிடையாது, தத்துவம் அதுவே. இதில் உருப்பெருக்கம் இல்லை. இரு கண்களையும் திறந்தே சுடலாம்.

ஸ்கோப் இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும். ஆனால் அது கண்ணைக் குறிப்பிட்ட இடத்தில் நிற்கச் சொல்லும். ரைபிள் ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் இடையே ஏறத்தாழ நான்கு விரற்கடை போதும். பிஸ்டலையோ கையை நீட்டிப் பிடிக்கிறோம். ஆகவே ரைபிள் ஸ்கோப்பை இதில் மாட்டினால் இருளே மிகுதியாகத் தெரியும். பிஸ்டலுக்கென்றே செய்த ஸ்கோப்பு உண்டு. அதிலும் ஓர் இடர்ப்பாடு. முன்வில்லையின் விட்டம் 20 மி.மீ., பெருக்கம் 4 மடங்கு என்றால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 5 மி.மீ.தான். நீட்டிய கை சற்றே சாய்ந்தாலும் காட்சி முழுவதும் மறையும். கை சாய்ந்தால் செம்புள்ளியும் மறைவதுண்டு. ஆனால் இலக்கு கண்ணை விட்டுப் போகாது. மேலும், ஸ்கோப் கைநடுக்கத்தை உண்டாக்குவதில்லை, பெருக்கிக் காட்டுகிறது. அதைக் கண்டு பதறி விசையைச் சுண்டுபவர் பலர்.

நிற்க. ரெட் டாட் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில. புள்ளியின் அளவைக் கோணக் கலையில் குறிப்பர். ஒரு கலை 10 மீட்டரில் ஏறத்தாழ 2.9 மி.மீ. ஆகும். ஏர் பிஸ்டல் இலக்கில் பத்தாம் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. எனவே 3 கலைப் புள்ளி வட்டத்துக்குள் அடங்கும்; 6 கலைப் புள்ளி அதை மறைத்துவிடும். அடுத்து, வெகுதொலைவுக்கு இசைத்த கருவியில் கண் நடுவினின்று 5 மி.மீ. விலகினால் குண்டும் 5 மி.மீ. விலகும். ஆகவே புள்ளி கண்ணாடியின் நடுவில் தெரியுமாறு பிடித்துப் பழகுக. சுருள்வில் பிஸ்டலில் உந்துதண்டின் அதிர்ச்சி முன்னும் பின்னும் தாக்கும். அதைத் தாங்கவல்ல கருவியா என்று கடையில் கேட்டறிக. பல ஏர் பிஸ்டல்களில் உள்ளது 11 மி.மீ. தடம், கருவியின் பிடி அதற்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்க. பொருத்துமுன் பிஸ்டலில் குண்டு இல்லை என்பதை உறுதி செய்க.

என் அனுபவம் ஒன்று. நான் வாங்கிய ரெட் டாட்டில் புள்ளி வால் முளைத்த காற்புள்ளிபோல் தெரிந்தது. கடைக்காரருடன் வாதாடினேன், திருப்பி அனுப்பவும் துணிந்தேன். அறைத்தோழர் தம் கைப்பேசியால் அப்புள்ளியைப் படமெடுத்தார். படத்தில் அது உருண்டையாக இருந்தது! கருவியைச் சுழற்றிப் பார்த்தேன், வால் சுழலவில்லை. குற்றம் என் கண்ணில். மருத்துவர் அதைப் பார்வைச் சிதறல் என்றார். பௌதிகம் படிப்பவனுக்குத் தன் கண்ணும் ஒரு வில்லை என்பது நினைவில்லாமற் போயிற்று. இன்று கண்ணாடி அணிகிறேன். புள்ளி புள்ளியாகவே தெரிகிறது. கடைக்காரரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

முடிவு யாது? கையை நீட்டி, 10 மீட்டரில், பொழுதுபோக்காகச் சுடுவோர்க்கு ரெட் டாட் ஏற்றது. மணல்மூட்டையின்மேல் கையை ஊன்றி, இன்னும் தொலைவில், சிறு இலக்கைப் பொறுமையாகச் சுடுவோர்க்குப் பிஸ்டல் ஸ்கோப் பயன்படும். போட்டியை நாடுவோர் இரண்டையும் வாங்க வேண்டா. சர்வதேச 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் திறந்த குறிகாட்டிக்கு மட்டுமே இடம். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரு வெண்கலப் பதக்கங்கள் வென்றது பள்ளமும் முளையும் கொண்டே. எந்தக் கருவியும் கையை நிலைநிறுத்தாது. அதைப் பயிற்சியே செய்யும். முதலில் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு கடைக்குச் செல்லுங்கள்.