கொக்கிச் சத்தத்தை மூடாதே

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ரோலர் கோஸ்டர் இசையை நேற்று ராத்திரி ஹெட்போனில் கேட்டேன். எடுத்த எடுப்பிலேயே டிரம்பெட், முரசு, கோரஸ். வண்டி இன்னும் ஏற்றத்தில் ஊர்ந்துகொண்டிருக்கிறது, நீ அதற்குள் கெட்டிமேளம் கொட்டிவிட்டாய். தாலி கட்டும்போது எதைக் கொட்டுவாய்?

ஏறும்போது டக் டக்கென்று கேட்கிறதே, அதை இரைச்சல் என்று நினைத்துவிட்டாயா? மேலே இழுக்கிற சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாதபடி, அடியில் உள்ள கொக்கி ஒவ்வொரு பல்லாக விழுகிற சத்தம் அது. ஜான் மில்லர் 1910-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு. நூறு வருஷமாக ஜனங்களின் வயிற்றைக் கலக்கியது அந்தத் தாளம்தான். அதன் மேல் யார் எதை வாசித்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். (சத்தமே வராத கொக்கி செய்கிறவர்கள் மேலும் கோபம் உண்டு. அதை நேரில் சொல்கிறேன்.)

அப்புறம், முழுவதையும் ஒரே துண்டாக எழுதியிருக்கிறாய். என் முதல் வேலையில் நானும் அப்படித்தான் செய்தேன். காலையில் காலி வண்டியை ஓட்டிப் பார்த்து, ஸ்டாப்வாட்சில் அளந்து, தலைகீழ் வளையத்தின் உச்சியில் ஒரு சிம்பல் வைத்தேன். சாயங்காலம் கிரீஸ் இளகி, ஆளும் நிறைந்து, வண்டி பறந்தது. வளையம் தாண்டி, எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது 'ஜங்' என்றது. முன் இருக்கைப் பாட்டி ஒருத்தி திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. துண்டு துண்டாக எழுது. தண்டவாளத்து சென்சாரை வண்டி தொட்டால் அடுத்த துண்டு எடுக்கட்டும். முன்னால் போன வண்டி வழிவிடாவிட்டால் ஏற்றத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அப்படி நிற்கிற நேரத்துக்கு மட்டும் ஒரு துண்டு வை; அது சுற்றிச் சுற்றி வந்தாலும் அலுக்கக்கூடாது.

இசை வண்டியோடு சரியாக ஒட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்கிறாயா? பாரிஸ் டிஸ்னிலாண்டில் 1995-இல் ஸ்பேஸ் மவுன்டன் என்ற ரோலர் கோஸ்டரைத் திறந்தார்கள். ஜூல் வெர்ன் கதைப்படி வண்டியைப் பீரங்கிக்குள் ஏற்றி நிலாவுக்குச் சுடுவார்கள். ஸ்டீவ் பிராம்சனின் இசை தலைக்குப் பக்கத்து ஸ்பீக்கரில், ஓட்டத்தோடு ஒட்டியே வரும். பீரங்கிக்குள் வண்டி நிற்கும் அந்தச் சில வினாடிகளுக்காகவே ஒரே நாளில் நாலு தடவை வரிசையில் நின்றேன். கூட வந்தவர்கள் ஐந்து மணிக்கே ரயிலேறிவிட்டார்கள். இப்போது போனால் அது கிடைக்காது. 2005-இல் இசையை மாற்றினார்கள், 2017-இல் ஸ்டார் வார்ஸ் வந்துவிட்டது.

ஆனால் உன் முதல் சரிவு! அத்தனை வாத்தியத்தையும் நிறுத்திவிட்டு, ஒற்றைக் கஞ்சிராவின் கும்கியை வண்டியோடு கீழே வழுக்கவிட்டாயே, அந்த இடத்தைப் பதினோரு தடவை கேட்டேன். நாற்பது வருஷத்தில் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஏற்றத்துப் பகுதியை அடியோடு அழித்துவிட்டு மறுபடி அனுப்பு. கஞ்சிரா மேல் கை வைத்தாயோ, பேசமாட்டேன்.

அன்புடன்,
அண்ணன்